டெஸ்க்டாப் காட்சி விளைவுகள் வேலை செய்யவில்லையா? லினக்ஸ் கிராபிக்ஸ் டிரைவர் பிழைகளை அறிகுறி வழியே நீக்குதல்

சாளரங்களுக்கு நிழல் விழவில்லை, ஒளிபுகும் பட்டைகள் கறுத்துவிட்டன, பணியிடம் மாறும்போது திரை இழுத்து இழுத்து நகர்கிறது என்றால், இருக்கும் டிரைவரை நீக்கிவிட்டு வேறொன்றை நிறுவுவதுதான் பெரும்பாலோர் முதலில் செய்யும் காரியம். ஒரு சிக்கலை இரண்டாக்கிக்கொள்ள அதைவிட எளிய வழி இல்லை. லினக்ஸில் கிராபிக்ஸ் டிரைவர் என்று ஒற்றைச் சொல்லால் நாம் குறிப்பிடுவது ஒரே பொருள் அன்று. இயங்குதளத்தின் மையமான கெர்னலுக்குள் இயங்கும் தொகுதி ஒன்று. அத்தொகுதி கார்டுக்குள் ஏற்றிவிடும் ஃபர்ம்வேர் என்ற உள்நிரல் ஒன்று. பயன்பாடுகள் விடுக்கும் ஓப்பன்ஜிஎல், வல்கன் கட்டளைகளைக் கார்டுக்குப் புரியும்படி மாற்றித்தரும் மெசா போன்ற நூலகம் ஒன்று. இவற்றின் மேல் அமர்ந்து எல்லாச் சாளரங்களையும் ஒரே படமாகக் கோத்துத் திரைக்கு அனுப்பும் காம்போசிட்டர் ஒன்று. இந்த நான்கில் எது பழுதென்று தெரியாமல் எதையும் நிறுவவோ நீக்கவோ வேண்டாம். எது பழுதென்பதைப் பெரும்பாலும் அறிகுறியே காட்டிக்கொடுத்துவிடும்.

எந்த அறிகுறியானாலும் முதலில் பார்க்க வேண்டியவை

விளைவுகள் அமைப்புகளிலேயே அணைக்கப்பட்டிருக்கின்றனவா என்று பார்ப்பது அற்பமாகத் தோன்றலாம். ஆனால் ஜினோம் டெஸ்க்டாப்பின் அணுகல்தன்மைப் பகுதியில் உள்ள, அசைவூட்டத்தைக் குறைக்கும் தெரிவும், எக்ஸ்எஃப்சிஇ டெஸ்க்டாப்பின் சாளர மேலாளர் நுண்ணமைப்புகளில் காம்போசிட்டர் என்ற தாவலில் உள்ள ஒற்றைத் தேர்வுப்பெட்டியும் டிரைவர் பிழை போலவே தோற்றமளித்து ஒரு மாலைப்பொழுதை வீணாக்கக்கூடியவை.

அடுத்து, திரையை ஆள லினக்ஸில் உள்ள இரண்டு ஏற்பாடுகளான எக்ஸ்11, வேலண்ட் ஆகியவற்றில் எதன் அமர்வில் இருக்கிறீர்கள் என்பதை உறுதிசெய்துகொள்ளுங்கள். எக்ஸ்டிஜி செஷன் டைப் என்ற சூழல் மாறியின் மதிப்பை டெர்மினலில் அச்சிட்டால் ஒரு சொல்லில் விடை கிடைக்கும். எக்ஸ்11இல் காம்போசிட்டர் தனி நிரல். அதை அணைத்தாலும் சாளரங்கள் திரையில் இருக்கும். வேலண்டில் காம்போசிட்டரே திரையை ஆளும் சேவையகம். அது விழுந்தால் அமர்வே விழும். தேடினால் கிடைக்கும் தீர்வுகளில் பெரும்பகுதி எக்ஸ்11 காலத்தவை என்பதால், எக்ஸ்11இன் சேவையகமான எக்ஸ்ஆர்க்கின் உள்ளமைவுக் கோப்பில் இந்த வரியைச் சேருங்கள் என்று தொடங்கும் எந்த அறிவுரையும் வேலண்ட் அமர்வுக்குப் பயன்படாது என்பதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

மூன்றாவதாக, எல்எஸ்பிசிஐ கட்டளையைக் கே என்ற விருப்பத்துடன் இயக்கிக் கார்டு தொடர்பான பத்தியைத் தேடுங்கள். அதில் இரண்டு வரிகள் நமக்கு வேண்டும். கார்டுக்குப் பொருந்தும் கெர்னல் தொகுதிகள் எவை என்று ஒரு வரி சொல்லும். இப்போது உண்மையில் பயன்பாட்டில் இருக்கும் டிரைவர் எது என்று மற்றொரு வரி சொல்லும். இன்டெல் கார்டானால் ஐ915 அல்லது புதியவற்றில் எக்ஸ்இ, ஏஎம்டி ஆனால் ஏஎம்டிஜிபியு அல்லது பழையவற்றில் ரேடியான், என்விடியா ஆனால் என்விடியா அல்லது கட்டற்ற டிரைவரான நூவோ என்ற பெயர் அங்கே இருக்க வேண்டும். பொருந்தும் தொகுதியின் பெயர் இருந்து, பயன்பாட்டில் இருக்கும் டிரைவர் என்ற வரியே காணாமல் போயிருந்தால் கெர்னல் அடுக்கில்தான் பழுது. மேலே எதையும் தொட வேண்டியதில்லை. மடிக்கணினிகளில் இரண்டாவது கார்டு பெரும்பாலும் விஜிஏ என்ற பெயரில் வராமல் 3டி கன்ட்ரோலர் என்ற பெயரில் வரும்; ஆகவே விஜிஏ என்ற சொல்லை மட்டும் வடிகட்டித் தேடினால் அது கண்ணில் படாது.

நான்காவது சோதனைதான் மற்ற எல்லாவற்றையும்விட மதிப்புள்ளது. ஜிஎல்எக்ஸ்இன்ஃபோ என்ற கட்டளையைப் பெரிய பி விருப்பத்துடன் இயக்குங்கள். டெபியன், உபுண்டு, ஆர்ச் ஆகியவற்றில் இது மெசா யூட்டில்ஸ் பொதியில் கிடைக்கும். வெளியீட்டில் ரெண்டரர் என்ற வரியில் உங்கள் கார்டின் பெயர் இருந்தால் கெர்னல், ஃபர்ம்வேர், மெசா என்ற மூன்றும் ஒன்றோடொன்று பேசிக்கொள்கின்றன என்று பொருள். சிக்கல் காம்போசிட்டரிலோ அதன் அமைப்புகளிலோ இருக்கிறது. அந்த இடத்தில் எல்எல்விஎம்பைப் என்று இருந்தால் திரையில் காணும் ஒவ்வொரு புள்ளியையும் கார்டு வரையவில்லை, சிபியு வரைந்துகொண்டிருக்கிறது. டைரக்ட் ரெண்டரிங் ஆம் என்று மேலே ஒரு வரி இருக்கும். எல்எல்விஎம்பைப் ஓடும்போதும் அது ஆம் என்றே சொல்லும் என்பதால் அதை நம்பி ஏமாற வேண்டாம்.

எஞ்சியிருப்பது கெர்னல் பதிவேடு. ஜர்னல்சிடிஎல் கட்டளையில் கே, பி என்ற விருப்பங்களைச் சேர்த்தால் இம்முறை கணினி எழுந்ததிலிருந்து கெர்னல் சொன்னவை மட்டும் வரும். பி விருப்பத்துக்குப் பின் கழித்தல் குறியுடன் 1 சேர்த்தால் முந்தைய முறையின் பதிவு வரும். திரை கறுத்து, பொத்தானை அழுத்தி அணைக்க நேர்ந்த சமயங்களில் இந்த இரண்டாவது வடிவம்தான் உதவும்.

விளைவுகள் இல்லை அல்லது எல்லாம் மெதுவாக நகர்கிறது; மின்விசிறி ஓயாமல் சுழல்கிறது

ரெண்டரர் வரி எல்எல்விஎம்பைப் என்று சொல்லும் நிலை இது. சினமன் டெஸ்க்டாப்பாக இருந்தால், வன்பொருள் முடுக்கமின்றி இயங்குவதாக அதுவே ஓர் அறிவிப்பைக் காட்டும். ஜினோம் சத்தமில்லாமல் அசைவூட்டங்களை நிறுத்திக்கொள்ளும். 2013இல் வந்த ஜினோம் 3.8 பதிப்பு முதல் கார்டு இல்லாத கணினிகளுக்கான தனி எளிய முகப்பு நீக்கப்பட்டு, அந்த இடத்தை எல்எல்விஎம்பைப் எடுத்துக்கொண்டது. அதனால்தான் முடுக்கம் போன பிறகும் டெஸ்க்டாப் வழக்கம்போலத் தெரிகிறது, பழுது வெகுநாள் கண்டுகொள்ளப்படாமலே இருந்துவிடுகிறது.

காரணங்களில் முதலில் சோதிக்க வேண்டியது நோமோட்செட் என்ற கெர்னல் அளவுரு. பாதுகாப்பான கிராபிக்ஸ் என்ற தெரிவைக் கொண்டு நிறுவியவர்களின் கணினியில் நிறுவல் முடிந்த பிறகும் இது துவக்க வரியிலேயே தங்கிவிடுவது உண்டு. ப்ரோக் அடைவில் உள்ள சிஎம்டிலைன் கோப்பைப் படித்தால் தற்போதைய துவக்க வரி முழுவதும் தெரியும். அதில் நோமோட்செட் இருந்தால் ஐ915, ஏஎம்டிஜிபியு, நூவோ ஆகிய எதுவும் கார்டைக் கையில் எடுக்காது. நீக்குவதற்கு முன், அது எதற்காகச் சேர்க்கப்பட்டது என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். நிறுவும்போது திரை கறுத்ததால் சேர்த்திருந்தால், நீக்கியவுடன் அதே கறுப்புத் திரை திரும்பக்கூடும். எனவே உள்ளமைவுக் கோப்பைத் திருத்தாமல், கணினி துவங்கும்போது வரும் கிரப் பட்டியலில் இ விசையை அழுத்தி, லினக்ஸ் என்று தொடங்கும் வரியிலிருந்து அச்சொல்லை மட்டும் அழித்துவிட்டுக் கன்ட்ரோலையும் எக்ஸையும் சேர்த்து அழுத்தித் துவக்குங்கள். இந்த மாற்றம் அந்த ஒரு துவக்கத்துக்கு மட்டுமே நிற்கும். சரிவராவிட்டால் மறுதுவக்கத்தில் பழைய நிலை தானாகத் திரும்பிவிடும். இந்தக் கட்டுரையில் பின்னர் வரும் ஒவ்வொரு கெர்னல் அளவுருவையும் இதே முறையில் ஒருமுறை சோதித்த பிறகே நிரந்தரமாக எழுத வேண்டும். நிரந்தரமாக்க, இடிசி அடைவின் டீஃபால்ட் உள்ளடைவில் இருக்கும் கிரப் கோப்பைத் திருத்திய பின், டெபியன் வழிவந்தவற்றில் அப்டேட் கிரப் கட்டளையையும், ஃபெடோரா வகையில் கிரப்2 எம்கேகான்ஃபிக் கட்டளையையும் இயக்க வேண்டும்.

நோமோட்செட் இல்லையென்றால் ஃபர்ம்வேரைப் பாருங்கள். கெர்னல் பதிவேட்டில் ஃபர்ம்வேர் என்ற சொல்லைத் தேடும்போது ஏற்ற முடியவில்லை என்ற பொருளில் கோப்புப் பெயருடன் ஒரு வரி வந்தால், பதில் உங்கள் கையில் இருக்கிறது. ஏஎம்டி கார்டுகள் ஃபர்ம்வேர் இல்லாமல் முடுக்கம் தருவதே இல்லை. டெபியனில் 2023இல் வந்த 12ஆம் பதிப்பு முதல்தான் கட்டற்றவை அல்லாத ஃபர்ம்வேர்கள் அதிகாரபூர்வ நிறுவல் ஊடகத்திலேயே சேர்க்கப்பட்டன. அதற்கு முந்தைய பதிப்பிலிருந்து மேம்படுத்திக்கொண்டே வந்தவர்களின் களஞ்சியப் பட்டியலில் அந்தப் புதிய பிரிவு இடம்பெறாமல் இருக்கக்கூடும். பிரிவைச் சேர்த்து, கார்டுக்கு உரிய ஃபர்ம்வேர் பொதியை நிறுவி, துவக்க நினைவுவட்டுப் படிமத்தை (இனிட்ராம்எஃப்எஸ்) புதுப்பித்து, மறுதுவக்கம் செய்யுங்கள். படிமத்தைப் புதுப்பிப்பதைத் தவறவிட்டால், கோப்பு வட்டில் இருந்தும் கெர்னல் தேடும் நேரத்தில் அதற்குக் கிடைக்காது.

என்விடியா நிறுவனமே தரும் உரிம டிரைவரை நீக்கிவிட்டு நூவோவுக்குத் திரும்பியவர்கள் ஒரு பொறியில் சிக்குவது வழக்கம். உரிம டிரைவரை நிறுவும்போது நூவோவைத் தடைசெய்யும் சிறு கோப்பு ஒன்று மோட்புரோப் உள்ளமைவு அடைவில் எழுதப்படுகிறது; டிரைவர் போன பிறகும் அக்கோப்பு நின்றுவிட்டால் இரண்டில் எதுவும் ஏறாது. எல்எஸ்பிசிஐ வெளியீட்டில் பயன்பாட்டு டிரைவர் வரி இல்லாமல் போகும், ரெண்டரர் எல்எல்விஎம்பைப் ஆகும். பிளாக்லிஸ்ட் என்ற சொல்லை அந்த அடைவில் தேடி, கோப்பை அகற்றி, துவக்கப் படிமத்தைப் புதுப்பித்தால் முடிந்தது.

கெர்னல் டிரைவர் சரியாக ஏறியிருந்தும் ரெண்டரர் மட்டும் எல்எல்விஎம்பைப் என்று நின்றால் பழுது மெசாவுக்கும் அமர்வுக்கும் நடுவில் இருக்கிறது. டெவ் அடைவின் டிஆர்ஐ உள்ளடைவில் கார்டு, ரெண்டர்டி128 என்பன போன்ற பெயர்களில் சாதனக் கோப்புகள் இருக்க வேண்டும். உங்கள் பயனர் கணக்குக்கு அவற்றைத் திறக்க அனுமதி இருக்க வேண்டும். வழக்கமான உள்நுழைவுத் திரை வழியாக வருபவர்களுக்கு இந்த அனுமதி தானாகவே கிடைத்துவிடும். உள்நுழைவு மேலாளர் இல்லாமல் தாமே அமர்வைத் தொடங்குபவர்களுக்கு ரெண்டர், வீடியோ ஆகிய குழுக்களில் கணக்கைச் சேர்க்க நேரலாம். சோதனைக்காக எப்போதோ எழுதிய, மென்பொருள் வரைதலைக் கட்டாயப்படுத்தும் லிப்ஜிஎல் ஆல்வேஸ் சாஃப்ட்வேர் என்ற சூழல் மாறி ஷெல் கோப்பிலோ சூழல் கோப்பிலோ தங்கியிருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

மிகப் பழைய கார்டு வைத்திருப்பவர்கள் ஓர் எல்லையை அறிந்திருக்க வேண்டும். 2022இல் வந்த மெசா 22.0 பதிப்பில் கிளாசிக் வகை டிரைவர்கள் முதன்மைக் கிளையிலிருந்து நீக்கப்பட்டு, ஆம்பர் என்ற தனிக் கிளைக்கு அனுப்பப்பட்டன. தொடக்கக் கால ரேடியான் கார்டுகளும் முதல் தலைமுறை ஜீஃபோர்ஸ்களும் இவற்றில் அடங்கும். விநியோகம் ஆம்பர் பொதியைத் தந்தால் நிறுவலாம். தராவிட்டால் காம்போசிட்டரை அணைத்துவிட்டு எளிய சாளர மேலாளரோடு வாழ்வதே மேல்.

மெய்நிகர் கணினிக்குள் இதே அறிகுறி கண்டால் டிரைவரைத் தேட வேண்டாம். வெளியே உள்ள மென்பொருளின் காட்சி அமைப்புகளில் 3டி முடுக்கம் என்ற பெட்டி தேர்வாகியிருக்கிறதா என்பதே கேள்வி.

கெர்னல் புதுப்பித்த பின் கறுப்புத் திரை அல்லது குறைந்த தெளிவுத்திறன்

இந்த அறிகுறி ஏறத்தாழ என்விடியா உரிம டிரைவருக்கே உரியது. ஐ915ஐயும் ஏஎம்டிஜிபியுவையும் கெர்னலே தன்னுடன் சுமந்து வருகிறது. என்விடியாவின் தொகுதியோ கெர்னலின் மூலநிரல் தொகுப்புக்கு வெளியே இருப்பதால், ஒவ்வொரு புதிய கெர்னலுக்கும் அதை மீண்டும் தொகுக்க வேண்டியிருக்கிறது. 2022 மே மாதம் என்விடியா தன் கெர்னல் தொகுதிகளின் மூலநிரலைத் திறந்துவிட்ட பிறகும் இந்த ஏற்பாடு மாறவில்லை.

முதலில் உயிருடன் இருக்கும் நிலைக்குத் திரும்புங்கள். கிரப் பட்டியலில் கூடுதல் தெரிவுகளுக்குள் சென்று முந்தைய கெர்னலைத் தேர்ந்தெடுத்தால், பெரும்பாலும் எல்லாம் வழக்கம்போல் வரும். அங்கிருந்து, இந்தத் தொகுப்பு வேலையைப் பார்த்துக்கொள்ளும் டிகேஎம்எஸ் கருவியின் ஸ்டேட்டஸ் கட்டளையை இயக்கினால் எந்தெந்தக் கெர்னலுக்குத் தொகுதி நிறுவப்பட்டிருக்கிறது என்று தெரியும். புதிய கெர்னல் அந்தப் பட்டியலில் இல்லையென்றால் பெரும்பாலும் தொகுப்பதற்குத் தேவையான கெர்னல் ஹெடர்கள் பொதி நிறுவப்படாததே காரணம். அதை நிறுவிவிட்டு டிகேஎம்எஸ் ஆட்டோஇன்ஸ்டால் கொடுத்தால் போதும். ஹெடர்கள் இருந்தும் தொகுக்க முடியவில்லை என்றால், உங்கள் டிரைவர் பதிப்பு அந்தக் கெர்னலுக்கு இன்னும் தயாராகவில்லை. பழைய கார்டுகளுக்கான டிரைவர் கிளைகளில் இது அடிக்கடி நேரும். ஃபெர்மி கார்டுகளுக்கு 390 வரிசையும், கெப்ளர் கார்டுகளுக்கு 470 வரிசையும் கடைசி. இரண்டும் இப்போது வளர்ச்சி நின்ற கிளைகள். இக்கார்டுகளை வைத்திருப்பவர்கள் நீண்டகால ஆதரவுள்ள கெர்னலிலேயே தங்கிவிடுவது நல்லது. புதிய கெர்னலைத் துரத்திக்கொண்டு ஒட்டுகளை (பேட்ச்) தேடுவது முடிவில்லாத வேலை.

தொகுதி தொகுக்கப்பட்டிருந்தும் ஏறவில்லை என்றால், கையொப்பமில்லாத தொகுதிகளை ஏற்றவிடாத செக்யூர் பூட் மேல் சந்தேகம் கொள்ளுங்கள். மோட்புரோப் கட்டளையால் தொகுதியைக் கையால் ஏற்ற முயலும்போது, திறவுகோல் நிராகரிக்கப்பட்டது என்ற பொருளில் பிழை வந்தால் சந்தேகம் உறுதி. மோக்யூட்டில் கட்டளை செக்யூர் பூட்டின் நிலையைச் சொல்லும். கையொப்பத்துக்கான திறவுகோலைப் பதிவுசெய்யும் கோரிக்கையையும் அதுவே வைக்கும். கோரிக்கை வைக்கும்போது ஒரு கடவுச்சொல் கேட்கப்படும். அடுத்த துவக்கத்தில் நீலத் திரை ஒன்று தோன்றி, சில நொடிகளே காத்திருந்துவிட்டு மறைந்துவிடும். அந்த நொடிகளுக்குள் ஒரு விசையை அழுத்தி, திறவுகோலைச் சேர்க்கும் தெரிவுக்குள் சென்று, அதே கடவுச்சொல்லைத் தர வேண்டும். அந்தத் திரையைத் தவறவிட்டவர்கள்தான் எல்லாவற்றையும் செய்தும் பலனில்லை என்று வருந்துகிறார்கள். செக்யூர் பூட்டை அணைத்துவிடுவதும் ஒரு வழியே. ஆயினும் திறவுகோலை ஒருமுறை பதிந்துவிட்டால் பின்னர் வரும் கெர்னல்களுக்கும் அதுவே பயன்படும் என்பதால் அணைக்கத் தேவையில்லை.

ஃபெடோராவில் ஆர்பிஎம் ஃப்யூஷன் களஞ்சியத்திலிருந்து நிறுவுபவர்களுக்கு ஒரு குறிப்பு உண்டு. பொதி நிறுவப்பட்டது என்று செய்தி வந்த பின்னும் தொகுதியைத் தொகுக்கும் வேலை பின்னணியில் சில நிமிடங்கள் நடக்கிறது. உடனே மறுதுவக்கம் செய்தால் பாதியில் நின்றுவிடும். மோட்இன்ஃபோ கட்டளை என்விடியா தொகுதியின் பதிப்பு எண்ணைச் சொல்லும்வரை பொறுத்திருங்கள்.

கெர்னல் அல்லாமல் டிரைவரையே புதுப்பித்திருக்கும்போது, என்விடியா எஸ்எம்ஐ கட்டளை டிரைவர் பதிப்பும் நூலகப் பதிப்பும் பொருந்தவில்லை என்று சொன்னால், பதற வேண்டியதில்லை. நினைவகத்தில் பழைய தொகுதியும் வட்டில் புதிய நூலகமும் இருக்கின்றன. மறுதுவக்கம் ஒன்றே தீர்வு. மறுதுவக்கத்துக்குப் பிறகும் இது நீடித்தால், உற்பத்தியாளரின் தளத்திலிருந்து இறக்கிய நிறுவியும் விநியோகத்தின் பொதியும் ஒன்றன்மேல் ஒன்றாக நிறுவப்பட்டிருக்கின்றன என்று பொருள். முதலாவதை அதற்குரிய நீக்கும் கட்டளையால் அகற்றிவிட்டு, விநியோகத்தின் பொதியை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

நேற்று இருந்த விளைவுகள் இன்று இல்லை. ரெண்டரர் வரியில் குறை இல்லை

இங்கே டிரைவரைத் தொடாதீர்கள். கேடிஇ பிளாஸ்மாவின் 5ஆம் தலைமுறையில் எக்ஸ்11 அமர்வு வைத்திருப்பவர்கள் முதலில் ஆல்ட், ஷிஃப்ட், எஃப்12 ஆகியவற்றைச் சேர்த்து அழுத்திப் பாருங்கள். காம்போசிட்டரை இயக்கவும் நிறுத்தவும் உரிய குறுக்குவிசை அது, கை தவறி அழுத்துவது எளிது. முழுத்திரை விளையாட்டுகளும் சில வீடியோ பார்க்கும் நிரல்களும் காம்போசிட்டரை நிறுத்திவைக்குமாறு கேட்கும் உரிமையும் பிளாஸ்மாவின் சாளர மேலாளரான கேவினில் உண்டு. விளையாட்டை மூடியவுடன் நிழல்கள் திரும்பினால் அது பழுதன்று.

கேவின் ஓப்பன்ஜிஎல்லைத் தொடங்கும்போது ஒருமுறை முறிந்து விழுந்தால், அடுத்த முறை அதே குழியில் விழாமலிருக்க ஓப்பன்ஜிஎல் பாதுகாப்பற்றது என்று தன் உள்ளமைவுக் கோப்பான கேவின்ஆர்சியில் ஒரு வரி எழுதிவைத்துக்கொள்ளும். டிரைவர் அதற்குப் பின் சரியாகிவிட்டாலும் அந்த வரி தானாக அழியாது. காம்போசிட்டர் அமைப்புகள் பக்கத்தில் அது பற்றிய எச்சரிக்கையும், ஓப்பன்ஜிஎல் சோதனையை மீண்டும் அனுமதிக்கும் பொத்தானும் இருக்கும். அல்லது கோப்பில் காம்போசிட்டிங் பிரிவில் உள்ள அந்த வரியைப் பொய் என்று மாற்றலாம். கேவினின் இந்த முன்னெச்சரிக்கை நியாயமானதுதான். ஆனால் எச்சரிக்கை அமைப்புகள் பக்கத்துக்குள்ளேயே ஒளிந்திருப்பதால், அதை ஒருபோதும் திறக்காத பயனர் டிரைவரையே மாற்றிமாற்றி நிறுவிக்கொண்டிருக்கிறார்.

காம்பிஸ் என்ற பழைய காம்போசிட்டரை இன்னும் பயன்படுத்துபவர்களுக்குச் சாளரங்களின் தலைப்புப்பட்டை மட்டும் காணாமல் போகும். 2006இல் வெளிவந்த நாள் முதல் அதற்குத் துணையாக வரும் அறிகுறி இது. தலைப்புப்பட்டையை வரைவது வேறொரு அலங்கரிப்பு நிரல். அது இயங்கவில்லை என்பதுதான் பொருள், கார்டுக்கு அதில் பங்கில்லை. காம்பிஸ் அமைப்புகள் மேலாளரில் சாளர அலங்காரம் என்ற செருகுநிரல் இயக்கப்பட்டு, அதன் கட்டளைப் பெட்டியில் அலங்கரிப்பு நிரலின் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள்.

வீடியோ ஓடும்போதும் பக்கத்தை உருட்டும்போதும் திரை குறுக்கே கிழிகிறது

வேலண்ட் அமர்வில் இது வழக்கமாக நேராது, எக்ஸ்11இல் நேரும். முதலில் காம்போசிட்டர் இயங்குகிறதா என்று பாருங்கள். எக்ஸ்எஃப்சிஇயின் சாளர மேலாளரில் 2019இல் வந்த 4.14 பதிப்பு முதல் திரைப்புதுப்பித்தலோடு ஒத்திசையும் வசதி உண்டு. அது அணைந்திருந்தால் வீபிளாங்க் அமைப்பில் ஜிஎல்எக்ஸ் அல்லது எக்ஸ்பிரசன்ட் என்ற மதிப்பைத் தரலாம்.

காம்போசிட்டரால் தீராவிட்டால் டிரைவரின் சொந்தத் தெரிவுக்கு வரலாம். ஏஎம்டியில் எக்ஸ்ரேண்டர் கட்டளையாலேயே, மறுதுவக்கமின்றி, குறிப்பிட்ட திரைக்கு டியர்ஃப்ரீ பண்பை இயக்கிப் பார்க்க முடியும். உள்ளமைவுக் கோப்பில் எழுதுவது பிடித்த பிறகு செய்ய வேண்டிய வேலை. என்விடியாவில் அமைப்புகள் நிரலின் மேம்பட்ட பகுதியில் முழு காம்போசிஷன் பைப்லைனைக் கட்டாயப்படுத்தும் தெரிவு உண்டு. அதையும் காம்போசிட்டரின் ஒத்திசைவையும் ஒருசேர வைத்தால் கிழிசல் நிற்கும், ஆனால் சுட்டி கைக்குப் பின்னால் ஓடிவருவது போன்ற தாமதம் சேரும். ஏதேனும் ஒன்றே போதும். இரண்டு கார்டுள்ள மடிக்கணினியில் உட்திரை இன்டெலுடன் இணைந்திருக்க, வரைவது என்விடியாவாக இருந்தால் இந்தத் தெரிவு பயன்தராது. என்விடியா டிஆர்எம் தொகுதிக்கு மோட்செட் அளவுருவை 1 என்று தந்தால்தான் இரு கார்டுகளுக்கும் இடையே ஒத்திசைவு பிறக்கும்.

இன்டெலுக்குப் பழைய குறிப்புகள் பலவும் எக்ஸ்ஆர்க் கோப்பில் இன்டெல் டிரைவரின் பெயரையும் டியர்ஃப்ரீ வரியையும் எழுதச் சொல்கின்றன. எழுதுவதற்கு முன் யோசியுங்கள். அக்கோப்பு, இப்போது இயல்பாகப் பயன்படும் மோட்செட்டிங் டிரைவரைத் தள்ளிவிட்டு, நெடுங்காலமாகப் புதிய வெளியீடு காணாத பழைய டிரைவரைத் திரும்ப அழைக்கிறது. புதிய கார்டுகளில் கிழிசல் போய்ச் சிதறல் வந்தது என்ற புகாருக்கு இதுவே காரணமாக இருக்கலாம்.

திரை மினுமினுக்கிறது, வெண்மையாகப் பளிச்சிடுகிறது, உறக்கத்திலிருந்து எழுந்தபின் கோலம் சிதைந்திருக்கிறது

மடிக்கணினித் திரையில் ஒன்றும் அசையாமல் இருக்கும்போதுதான் மினுக்கம் வருகிறது, சுட்டியை நகர்த்தினால் நின்றுவிடுகிறது என்றால், மின்சாரம் மிச்சப்படுத்தத் திரை தன்னைத்தானே புதுப்பித்துக்கொள்ளும் பிஎஸ்ஆர் என்ற வசதியைச் சந்தேகிக்கலாம். இன்டெலில் ஐ915 தொகுதியின் எனேபிள் பிஎஸ்ஆர் அளவுருவுக்கு 0 கொடுத்து ஒரு துவக்கம் சோதியுங்கள். ஏஎம்டியின் ஒருங்கிணைந்த கார்டுகளில் திரை முழுவதும் வெண்மையாகப் பளிச்சிட்டால் ஏஎம்டிஜிபியுவின் எஸ்ஜி டிஸ்ப்ளே அளவுருவுக்கு 0 கொடுத்துப் பாருங்கள். இரண்டுமே பழுதை மறைக்கும் ஏற்பாடுகள். கெர்னலைப் புதுப்பித்த ஒவ்வொரு முறையும் எடுத்துவிட்டுச் சோதிப்பது முறை.

பதிவேட்டில் ஏஎம்டிஜிபியுவின் பெயரோடு ரிங் டைம்அவுட் என்றோ, இன்டெலில் ஜிபியு ஹேங்க் என்றோ வரி இருந்தால் கதை வேறு. கார்டே நடுவில் திகைத்து நின்று, டிரைவர் அதை மீட்க முயன்றிருக்கிறது. இதற்குப் பயனர் பக்கத்தில் செய்யக்கூடியவை குறைவு: மெசாவையும் கெர்னலையும் ஃபர்ம்வேரையும் புதிய பதிப்புக்கு நகர்த்துவது, அல்லது நேற்று புதுப்பித்ததால் தொடங்கியிருந்தால் பழையதற்குத் திரும்புவது. மூன்றையும் ஒரே நேரத்தில் மாற்றாமல் ஒவ்வொன்றாக மாற்றுங்கள். அப்போதுதான் எது குற்றவாளி என்று தெரியும்.

உறக்கத்துக்குப் பின் பின்னணிப் படமும் எழுத்துகளும் வண்ணக் குப்பையாக மாறுவது என்விடியாவில் பரவலாகக் காணப்படுவது. உறங்கும்போது கார்டின் நினைவகத்தில் இருந்தவை முழுமையாகக் காக்கப்படாததே காரணம். என்விடியா தொகுதிக்குப் பிரிசர்வ் வீடியோ மெமரி அலோகேஷன்ஸ் என்ற அளவுருவை 1 ஆக்கி, என்விடியா சஸ்பென்ட், ஹைபர்னேட், ரெஸ்யூம் என்ற மூன்று சிஸ்டம்டி சேவைகளையும் இயக்க வேண்டும். நினைவகத்தின் நகல் இயல்பாக டெம்ப் அடைவில் எழுதப்படும். அந்த அடைவு ரேமிலேயே அமைந்து, அதில் இடமும் குறைவாக இருந்தால் உறக்கமே தோற்கலாம். டெம்பரரி ஃபைல் பாத் அளவுருவால் வட்டில் உள்ள இடத்தைக் காட்டிவிடுங்கள்.

வெளித்திரையில் மட்டும் விளைவுகள் திணறுகின்றன

இரண்டு கார்டுள்ள மடிக்கணினிகளில் எச்டிஎம்ஐ துளை பல நேரங்களில் தனிக் கார்டுடன் நேரடியாக இணைக்கப்பட்டிருக்கும். காம்போசிட்டர் இன்டெலில் வரைந்து, ஒவ்வொரு சட்டகத்தையும் தனிக் கார்டுக்கு நகலெடுத்து அனுப்பும்போது திரை திணறுகிறது. உபுண்டு வகையில் பிரைம் செலக்ட் கட்டளையால் முதன்மைக் கார்டை மாற்றலாம். பிளாஸ்மாவின் வேலண்ட் அமர்வில் கேவின் டிஆர்எம் டிவைசஸ் என்ற சூழல் மாறியில் கார்டுகளின் வரிசையைத் தரலாம். வெளித்திரையுடன் மேசையிலேயே வேலை செய்பவருக்குத் தனிக் கார்டை முதன்மையாக்குவது சரி. பேட்டரியை நம்பியிருப்பவருக்கு அது கட்டுப்படியாகாது.

கடவுச்சொல் தந்ததும் மீண்டும் உள்நுழைவுத் திரையே வருகிறது

இதற்கும் டிரைவர்தான் காரணம் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 ஆகியவற்றை அழுத்தி உரைமுனையத்துக்குச் சென்று, இரண்டு கேள்விகளுக்கு விடை காணுங்கள். வட்டில் இடம் இருக்கிறதா? உங்கள் வீட்டு அடைவில் உள்ள எக்ஸ்அத்தாரிட்டி கோப்பு உங்களுக்கு உரியதா, அல்லது சூடோவுடன் வரைகலை நிரல் ஒன்றை இயக்கியதால் ரூட்டுக்கு உரியதாகிவிட்டதா? இரண்டும் சரியாக இருந்தால் எக்ஸ்ஆர்க் பதிவேட்டில் இரட்டை இ குறி தாங்கிய வரிகளைப் பாருங்கள். பழைய கார்டுக்காக எழுதிய எக்ஸ்ஆர்க் உள்ளமைவுக் கோப்பு புதிய கார்டு வந்த பின்னும் கிடப்பது இங்கேதான் வெளிப்படும். அக்கோப்பைப் பெயர் மாற்றிவைத்துவிட்டு உள்நுழைந்து பாருங்கள். இன்றைய எக்ஸ்ஆர்க் அப்படி ஒரு கோப்பே இல்லாமல் இயங்கக்கூடியது.

டெஸ்க்டாப் நன்றாக இருக்கிறது. ஒரு பயன்பாடு மட்டும் மெதுவாக இருக்கிறது

ஃப்ளாட்பேக் பயன்பாடாக இருந்தால், அது கணினியின் நூலகங்களைத் தொடாமல் தனக்கென ஒரு நகலை வைத்திருக்கிறது. என்விடியா உரிம டிரைவர் உள்ள கணினியில் அந்த நகலின் பதிப்பு கெர்னல் தொகுதியின் பதிப்போடு ஒத்திருக்க வேண்டும். டிரைவரைப் புதுப்பித்துவிட்டு ஃப்ளாட்பேக் அப்டேட்டை மறந்தால் அப்பயன்பாடு மட்டும் மென்பொருள் வரைதலுக்கு இறங்கிவிடும்.

பிழை அறிக்கை எழுதும் நிலை வந்தால்

மேற்கண்ட எதிலும் அடங்காத பழுதை உரியவர்களிடம் சேர்ப்பிக்கும்போது எந்த அடுக்குக்கு அனுப்புகிறோம் என்பதைத் தெரிந்து அனுப்ப வேண்டும். ரெண்டரர் சரியாக இருந்து ஒரு டெஸ்க்டாப்பில் மட்டும் பழுது தெரிந்தால் அந்தக் காம்போசிட்டரின் குழுவுக்கு. எல்லா டெஸ்க்டாப்பிலும் ஒரே சிதைவு தெரிந்து பதிவேட்டில் ஒன்றும் இல்லையென்றால் மெசாவுக்கு. கார்டு நின்றதாகப் பதிவேடு சொன்னால் கெர்னல் டிரைவர் குழுவுக்கு. மெசாவின் டிரைவர்களை மாற்றிப் பார்க்க முடியாத என்விடியா உரிம டிரைவர்க்காரர்கள் அந்நிறுவனம் தரும் பிழை அறிக்கை நிரலை இயக்கி, அது உருவாக்கும் கோப்பை இணைக்கலாம். எதுவாயினும், அமர்வின் வகை, கெர்னல் பதிப்பு, ஜிஎல்எக்ஸ்இன்ஃபோவின் சுருக்க வெளியீடு, பழுது நேர்ந்த துவக்கத்தின் முழுக் கெர்னல் பதிவு, இதற்கு முன் சரியாக இயங்கிய கடைசிப் பதிப்பு எது என்ற தகவல் ஆகியவற்றைச் சேர்த்தே அனுப்புங்கள். இவற்றுள் கடைசியாகச் சொன்னதே திருத்துபவரின் தேடலை மிகவும் சுருக்கும்.